விளக்கின் மேல் எழுதப்பட்ட பழி

அனுப்புநர்
மா. வேலம்மாள்,
(ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்)
பூந்தோட்டச் சந்து, மூலத்தோப்பு,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் மகன் அன்புச்செல்வன் உயிரிழந்த தீ விபத்து – விசாரணை அறிக்கையில் காரணமாக எழுதப்பட்டுள்ள “வீட்டுப் பூஜை விளக்கு” என்பதை நீக்கி, மின் ஸ்கூட்டரின் பேட்டரி தனக்குள்ளேயே சூடேறி எரிந்ததைப் பதிவு செய்து, அதனை என் மருமகள் யாழினிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தீ விபத்து விசாரணை அறிக்கையின் நகல்.
2. மன்னார்புரத்தில் உள்ள மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தின் பதில் கடிதம்.
3. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் முனைவர் ஜெஸ்லின் அவர்களின் விளக்கக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் முதலில் போனேன். பத்து வரியில் சொல்லுங்கள் அம்மா, அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். பத்து வரியில் அடங்குகிற காரியமாக இருந்தால் நான் வீட்டிலேயே அழுது முடித்திருப்பேன். ஆகவே என் கையாலேயே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் நிவாரணமோ வேலையோ கேட்டு வரவில்லை. அறிக்கையில் இருக்கும் ஒரே ஒரு வரியை மாற்றக் கேட்டு வந்திருக்கிறேன். அந்த வரி என் மருமகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. மகனைக் கொடுத்தாகிவிட்டது. மருமகளையும் கொடுக்க என்னால் முடியாது.

2. என் மகன் அன்புச்செல்வன் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவன். கணவர் இறந்த பிறகு எனக்கு இருந்த ஒரே துணை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஊர் முழுக்கக் கடந்து ஷிப்டுக்குப் போய் வருவதற்காகச் சென்ற பங்குனியில் ஒரு மின் ஸ்கூட்டர் வாங்கினான். சத்தமில்லாத வண்டி. வாசலுக்கு வந்து நின்றதே தெரியாது என்று யாழினி கேலி செய்வாள். மழையில் நனைந்தாலும் தேங்கிய தண்ணீரில் போனாலும் பேட்டரிக்குள் ஒரு சொட்டு இறங்காது என்று விற்பனை நிலையத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அச்சடித்த விளம்பரத் தாளிலும் அப்படியே இருக்கிறது.

3. எங்கள் குடும்பத்தில் புது வண்டி வந்தால் சமயபுரம் மாரியம்மனிடம் கொண்டுபோகும் முன் வீட்டு வாசலில் வைத்து மஞ்சள் நீராட்டுவோம். தலைப்பிள்ளைக்கு மொட்டை போடும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் தாய்மாமன்தான் வண்டிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் கணவர் முதன்முதலாக வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கும் இப்படித்தான் செய்தோம். இன்ஜின்தான் வண்டியின் உயிர் என்பதால் முதல் சொம்பு இன்ஜின் மேல்தான் விழும். இந்த முறை என் தம்பி காத்தான் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த தண்ணீரோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இன்ஜினைக் காணோம். உயிர் எங்கேடா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டான். அன்பு சிரித்துக்கொண்டே சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்த பேட்டரிப் பெட்டியைக் காட்டினான். காத்தான் பெட்டியின் மேல் மனம் குளிர ஊற்றினான். பிறகு பெட்டிக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தான். நாங்கள் எல்லோரும் கைகூப்பி நின்றோம். தண்ணீர் உள்ளே போகாது என்று படித்த பிள்ளைகளே சொன்ன பிறகு எங்களுக்குப் பயம் எப்படி வரும்? இதை மறைத்து மனு எழுத எனக்கு மனமில்லை. மறைத்தால் மற்றதையும் தாங்கள் நம்ப வேண்டியதில்லை.

4. வண்டி சமயபுரம் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் கிளம்பவில்லை. அன்பு விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான். நானும் யாழினியும் பக்கத்தில் இருந்தோம். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதை அவன் ஒளிக்காமல் சொன்னான். பெட்டியை எடுத்து வரவா என்றும் கேட்டான். எதிர்முனையில் வந்த பதிலை நான் கேட்டபடியே எழுதுகிறேன்: “அது சீல் பண்ணுன பெட்டி சார், தண்ணி போகாது. மேலாக்க ஈரம் இருக்கும். நல்லா வெயில்ல காய வச்சுட்டு சார்ஜ் போடுங்க, சரியாயிடும்.”

5. திருச்சி வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வேட்டி விரித்து அதில் கூழ் வடாம் பிழிந்து காய வைத்திருந்தேன். அந்த வேட்டியை ஓரமாக இழுத்துவிட்டுப் பெட்டியை நடுவில் வைத்தோம். வடாத்தைத் திருப்பிப் போடும்போது அதையும் திருப்பிப் போட்டோம். ஈரமானதை வெயிலில் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். அரிசி, மிளகாய், மெத்தை, பாடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அது பலித்திருக்கிறது. பெட்டியின் இரும்பு தொட முடியாத அளவுக்குக் காய்ந்தது. சாயங்காலம் கீழே கொண்டுவந்து, சூடு ஆறும் முன்பே சார்ஜ் போட்டோம். வண்டி ஓடியது. அன்றைக்கே ஓடாமல் போயிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான்.

6. அதன் பிறகு சார்ஜ் ஏறும்போதெல்லாம் பெட்டி சூடானது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு சுடச்சுட. சார்ஜரும் கொதித்தது. அது கொதித்தால் அணைத்துவிட்டு, ஆறியதும் மறுபடி போடுவது பழக்கமாகிவிட்டது. ஆனி மாதத்தில் ஒரு நாள், நகப்பூச்சு போல ஒரு வாசனை வருகிறது என்று முதலில் சொன்னவள் யாழினிதான். எனக்கு மூக்கு மந்தம், தெரியவில்லை. அவள் விடாமல் சொன்னதால் அன்பு மறுபடி போன் செய்தான். வெயில் காலத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான், ஆடிக்காற்று வந்தால் அடங்கிவிடும் என்றார்கள். பெட்டியைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். முதலில் சந்தேகப்பட்டவள் மேலேயே கடைசியில் பழி விழுந்திருக்கிறது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

7. சம்பவம் நடந்தது மூன்றாவது ஆடி வெள்ளி. அன்பு இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தான். எப்போதும் போல முன்னறையில் வாசல்கதவுக்குப் பக்கத்து மூலையில் பெட்டியைச் சார்ஜ் போட்டுவிட்டு, உள்ளறையில் படுத்தான். யாழினி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். தலைக்குக் குளித்து, முன்னறையில் எதிர்ச்சுவர்ப் பலகையில் இருக்கும் காமாட்சி விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விளக்கை எரியவிட்டுப் போகும் வழக்கம் கிடையாது. திரியை வாயால் ஊதவும் மாட்டோம். ஒரு பூவை வைத்துக் குளிர வைத்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவோம். நான் அப்போது ரேஷன் கடையில் இருந்தேன்.

8. எங்கள் வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் திரு. நஜிமுதீன் அவர்கள்தான் முதலில் பார்த்தவர். சன்னலில் வெள்ளைப் புகை பீய்ச்சிக்கொண்டு வந்ததாகவும், பிறகு பட்டாசுக் கட்டு வெடிப்பது போலத் தொடர்ந்து சத்தம் கேட்டதாகவும் சொல்கிறார். கொல்லைக்குப் போகும் அடுப்படிக் கதவும் முன்னறையில்தான் இருக்கிறது, உள்ளறைக்கு வேறு வழி கிடையாது. என் மகன் எரிகிற முன்னறையைக் கடந்துதான் வெளியே வந்தான். தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து அணைத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அணைத்த பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எரிந்த பெட்டியைத் திரு. நஜிமுதீன் கம்பியால் இழுத்துத் தெருவில் போட்டார். தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்த அந்தப் பெட்டி, எல்லோரும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் மறுபடி சீறித் தீப்பிடித்தது. பட்டப்பகலில், நடுத்தெருவில். அங்கே எந்த விளக்கும் இல்லை. அதைத் தெருவே பார்த்தது. அறிக்கையில் மட்டும் அது இல்லை.

9. அன்புவைப் புத்தூரில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே ஒரே ஒரு ஆளைத்தான் அனுமதித்தார்கள், என்னை அனுப்பினார்கள். யாழினி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் உறவுக்காரர்கள் அவள் காதுபடவே ஆடி வெள்ளி, விளக்கு என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அது உள்ளே இருந்தவனுக்கும் எப்படியோ எட்டியிருக்கிறது, அல்லது அவனாகவே நினைத்திருக்கிறான். தெரியவில்லை. எனக்குக் குனியச் சொல்லிச் சைகை காட்டினான். “விளக்கு இல்லம்மா. பெட்டிதான் முதல்ல சீறுச்சு. யாழினிகிட்ட சொல்லிடுங்க.” அதற்கு மேல் அவன் என்னிடம் பேசியது இல்லை. அடுத்த புதன்கிழமை போய்விட்டான்.

10. அறிக்கை எப்படி உண்டானது என்பது எனக்குத் தெரியும். விசாரிக்க வந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. அங்கன்வாடியில் இருந்த காலம் முழுவதும் நானும் அறிக்கை எழுதியவள். குழந்தையின் எடை குறைந்தால் “காரணம்” என்று ஒரு கட்டம் இருக்கும். தெரியவில்லை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து திரும்பி வரும். ஆகவே பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதை எழுதிவிடுவோம். நான் மருத்துவமனையில், யாழினி வராந்தாவில். வீட்டில் நின்றது என் தம்பி காத்தான். அலுவலர் அவனைக் கேட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதிலிருந்து திரைச்சீலையில் பிடித்துப் பேட்டரிக்குப் பரவியது என்று அவன் சொன்னான், கையெழுத்தும் போட்டான். பிறகு அலுவலர் மருத்துவமனைக்கு வந்து யாழினியிடம் விளக்கு ஏற்றினீர்களா என்று கேட்டார். ஏற்றினேன் என்றாள். குளிர வைத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அவளுக்குத் தன் பெயரே நினைவிருந்திருக்காது.

11. விற்பனை நிலையத்தாருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. “வெளிப்புறச் சுடரால் நேர்ந்த விபத்து, தயாரிப்புக்குத் தொடர்பில்லை” என்று பதில் அனுப்பிவிட்டு, இரங்கலும் தெரிவித்திருக்கிறார்கள். வெயிலில் காய வைக்கச் சொன்னீர்களே என்று நேரில் போய்க் கேட்டேன். எங்கள் ஊழியர் யாரும் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை என்றார்கள். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

12. எரிந்த பெட்டியை நான் குப்பையில் போட விடவில்லை. என் அங்கன்வாடியில் வளர்ந்த பெண் ஒருத்தி இப்போது பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். அவள் மூலமாக அங்கே பேட்டரிகளைப் பற்றி ஆராயும் முனைவர் ஜெஸ்லின் அவர்களைச் சந்தித்தேன். பெட்டியின் மிச்சத்தைச் சோதித்துப் பார்த்து அவர் எழுதித் தந்தது இணைப்பில் இருக்கிறது. எனக்குப் புரிந்ததை என் சொல்லில் எழுதுகிறேன். எரியாமல் மிஞ்சிய ஒரு மூலையில், மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் மடிந்து கிடந்தது. அதன் கீழே இருந்த செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. எரிவதற்கு நெடுநாள் முன்பே ஈரம் உள்ளே போயிருந்ததற்கு அதுவே சாட்சி என்கிறார். உள்ளே போன ஈரம் வெயிலில் காய்ந்தாலும் அது அரித்த இடம் ஆறாது. மாடியில் ஏறிய சூடும் உள்ளே இருந்ததைக் கெடுத்தது.

13. பெட்டிக்குள் விரல் பருமனில் உருளை உருளையாக அடுக்கியிருக்கிறார்கள். பழுதான ஓர் உருளை சூடாகிறது. சூடு ஏற ஏற அதற்குள் இருக்கும் ரசாயனம் வேகமாக வினை புரிகிறது. வினை வேகமானால் சூடு இன்னும் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதை வெளியே இருந்து யாரும் நிறுத்த முடியாது, சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. ஒன்று வெடித்துப் பக்கத்து உருளையைச் சூடாக்கும், அது அடுத்ததை. தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் உள்ளே மிஞ்சிய சூட்டில் திரும்ப எழும். சார்ஜ் அளவு மீறினால் வெட்டிவிட வேண்டிய சிறு மின்பலகை ஒன்றும் உள்ளே உண்டாம். அதில் இருக்கும் பாகங்களுக்கும் இதே நோய்தான். சூடானால் அதிகமாக மின்சாரத்தை விடும், அதிகம் விட்டால் மேலும் சூடாகும். எங்கள் பெட்டியில் அந்தக் காவல்காரன்தான் முதலில் கருகியிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் பிறந்தது லால்குடிப் பக்கத்துக் கிராமம். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறி, யாரும் கொளுத்தாமலே ஒரு நாள் புகையும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நானும் என் தம்பியும்.

14. விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது, தாங்கள் எப்போது கேட்டாலும் கொண்டு வருவேன். கூரையில் தேங்கிய சூடு மேலிருந்து இறங்கியதால் அது இருந்த பலகை மேல்பக்கம் மட்டும் கருகியிருக்கிறது, அடிப்பக்கத்தில் வண்ணம்கூட உதிரவில்லை. பெட்டி இருந்த மூலையிலோ தரைக்கல் பிளந்து, சுவரில் பூச்சு விழுந்து செங்கல் தெரிகிறது. விளக்கில் பாதி எண்ணெய் இருந்தது. திரியின் மேல், கரி படிந்து சுருண்ட நந்தியாவட்டைப் பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

15. முனைவர் ஜெஸ்லின் எழுதித் தந்த கடிதத்தை உறவுகளைக் கூட்டி வைத்து நான் படித்தேன். படித்து முடிக்கும்வரை காத்தான் தலை நிமிரவில்லை. எல்லோரும் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். மருமகனுக்கு முதல் மொட்டை போட்டதும் காது குத்தியதும் அவன் மடியில்தான். அவன் சொன்னதை அவன் அனுமதியோடு எழுதுகிறேன்: “எனக்கு அன்னைக்கே உறுத்துச்சுக்கா. நான் ஊத்துன தண்ணின்னு நினைக்கிறதைவிட அவ ஏத்துன விளக்குன்னு சொல்றது லேசா இருந்துச்சு.” அவனை நான் திட்டவில்லை. திட்டும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. தண்ணீர் ஊற்றியது பாசத்தால் செய்தது, அதற்கு அவன் மேல் ஒருவரும் வழக்குப் போட முடியாது. விளக்கு என்று சொன்னதுதான் பொய். அவன் அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்று இந்த மனுவில் என்னோடு கையொப்பமிடுகிறான்.

16. இனி யாழினியைப் பற்றி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. அண்ணன் வந்து கூப்பிட்டும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டாள். அன்பு சொன்னதை நான் அன்றைக்கே அவளிடம் சொன்னேன், பிறகும் பல தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்: “நீங்க எனக்காகச் சொல்றீங்க அத்தை.” விளக்கில் ஒட்டியிருந்த பூவைக் காட்டினேன். அது முந்தின நாள் பூவாக இருக்கலாம் என்கிறாள். காத்தான் காலில் விழாத குறையாக வந்து உண்மையைச் சொன்னான். மாமாவையும் நீங்கள்தான் சொல்ல வைத்தீர்கள் என்கிறாள். கடைக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடியதில், அன்று குளிர வைத்தோமா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. யோசிக்க யோசிக்கச் சந்தேகம் கூடுகிறது, சந்தேகம் கூடக் கூட மேலும் யோசிக்கிறாள். முனைவர் ஜெஸ்லின் பேட்டரியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இவள் முகம்தான் கண்ணில் வந்தது.

17. அடுப்படியில் நான் தீக்குச்சியை உரசினால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். சுடுசோறு சாப்பிடுவதில்லை, பழையதைப் பிழிந்து ஒரு கை தின்றுவிட்டு எழுந்துவிடுகிறாள். பெட்டி இருந்த மூலையை மட்டும் சாட்சிக்காக விட்டுவிட்டு, முன்னறைக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டேன். கரி மேலே மேலே வந்துவிடுகிறது. அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். போன புதன்கிழமை கார்த்திகை. தெரு முழுக்க அகல் வரிசை. எங்கள் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் நல்லெண்ணம் கொண்டு இரண்டு விளக்கை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனாள். யாழினி கதவைத் திறந்து பார்த்தவள், அங்கேயே மயங்கி விழுந்தாள். மருத்துவரிடம் காட்டினோம். உடம்பில் ஒன்றுமில்லை, மனசுக்கு வைத்தியம் பாருங்கள் என்றார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாத்திரை சாப்பிட்டாலும் அறிக்கையின் நகலைத் தலையணைக்கு அடியில்தான் வைத்துக்கொள்கிறாள். கவர்மெண்டே எழுதியிருக்கிறதே அத்தை, அவர்கள் எதற்குப் பொய் எழுத வேண்டும் என்று கேட்கிறாள்.

18. ஐயா, போன மாதம் அவள் கிணற்றடியில் நெடுநேரம் நின்றதை நான் பார்த்தேன். கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன்.

19. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

அறிக்கையில் உள்ள காரணத்தை மறு விசாரணை செய்ய உத்தரவிட வேண்டும். பெட்டியின் மிச்சம், விளக்கு, அந்த மூலைச் சுவர் எல்லாம் அப்படியே இருக்கின்றன, தெருவில் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அரசு நிபுணர் யாரை அனுப்பினாலும் சரி, முனைவர் ஜெஸ்லின் சொன்னது தவறு என்று அவர் கண்டால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். பார்க்காமல் எழுதியதை மட்டும் ஏற்க முடியாது.

நனைந்த பேட்டரியையோ சூடாகும் பேட்டரியையோ போனிலேயே வைத்தியம் சொல்லி அனுப்பிவிடாமல், வாங்கி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மாவட்டத்தில் உள்ள மின் வாகன விற்பனை நிலையங்கள் அனைத்துக்கும் அறிவுறுத்த வேண்டும். ஆயுத பூஜைக்கும் சமயபுரத்துக்கும் வண்டியைக் குளிப்பாட்டாத வீடு இந்த ஊரில் இல்லை. பேட்டரி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், படுக்கும் அறையிலும் வாசலை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள் என்று ரேஷன் கடையில் ஒரு தாள் ஒட்டினால் போதும், ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. விசாரணை முடிந்து உண்மை தெரிந்ததும், தீ விளக்கால் உண்டாகவில்லை என்ற அந்த ஒரு வரியைத் தங்கள் அலுவலக முத்திரையோடு கடிதமாக அனுப்ப வேண்டும். மனு கொடுத்தவள் நான் என்பதால் வழக்கப்படி பதில் என் பெயருக்குத்தான் வரும். அப்படி அனுப்ப வேண்டாம். நான் கொண்டுபோய்க் கொடுத்தால், அத்தை எங்கேயோ போய் அழுது வாங்கி வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பாள். இந்த மனுவைப் பற்றியே அவளுக்குத் தெரியாது. உறையின் மேல் “திருமதி யாழினி அன்புச்செல்வன்” என்று எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, அவளே பிரித்துப் படிக்கட்டும். நான் அந்த நேரம் கொல்லையில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மா. வேலம்மாள்

முன் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்று உடன் கையொப்பமிடுபவர்:
(ஒப்பம்) காத்தான்

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 08.12.2025, திங்கட்கிழமை

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்று ஆவணங்களின் நகல்கள், திரு. நஜிமுதீன் அவர்களின் சாட்சிக் கடிதம். முன்னறைச் சுவர், பலகை, விளக்கு ஆகியவற்றின் புகைப்படங்கள்.